திருகோணமலையிற் கை நனைக்க வருவோருக்கு

திருகோணமலைக்கு வருவோர் பார்க்க வேண்டிய இடங்களை நன்கறிந்தே வருகின்றனர். சுவாமி மலையின்மேற் கோணேசர் கோயில், அதன் அருகே கடலை நோக்கிச் செங்குத்தாய் இறங்கும் இராவணன் வெட்டு, பிரெடெரிக் கோட்டை, கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளியின் வெண்மணற் கரை, அதற்கு எதிரே, 2003 ஆம் ஆண்டிலே தேசிய பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட புறாத்தீவு. இவற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒப்புவிப்பர். ஆனால் நண்பகலாகி வயிறு தன் வேலையைத் தொடங்கியதும் இந்த அறிவெல்லாம் ஓரிடத்தில் முட்டி நின்றுவிடுகிறது. "ஐயா, இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்ற கேள்வி அப்பொழுதுதான் பிறக்கிறது.

இவ்வூரிலே பிறந்து வளர்ந்தவன் என்ற காரணத்தாற் கொழும்பிலும் மலையகத்திலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள உறவினரும், கல்விச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்து வரும் ஆசிரியர்களும் இக்கேள்வியை என்னிடங் கேட்பது வழக்கமாகிவிட்டது. அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கடையின் பெயர். நான் பெயர் சொல்வதில்லை. சிறு கடைகளின் சுவை அடுப்படியில் நிற்கும் ஒருவருடைய கைப்பக்குவத்தில் இருக்கிறது. அந்தக் கை வேறிடம் போய்விட்டாலும் பெயர்ப் பலகை அங்கேயேதான் தொங்கும். ஆகவே நான் சொல்லும் விடை இதுதான்: "எங்கே என்று கேளாதீர்கள்; இன்றைக்கு என்ன மீன் பட்டது என்று கேளுங்கள். அதற்கு நேரான விடை சொல்லக்கூடிய கடையில் உட்காருங்கள்."

இது வேடிக்கைப் பேச்சன்று. ஒரு கடைவாசலில் நின்று, "இன்றைக்கு என்ன மீன்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாம் இருக்கு, வாங்க, வாங்க" என்றால் நன்றி சொல்லி நடந்துவிடலாம். எந்தக் கடலும் ஒரே நாளில் எல்லாவற்றையுந் தருவதில்லை; எல்லாம் இருக்கின்ற இடத்திற் பனிக்கட்டிப் பெட்டிதான் இருக்கும். "இன்றைக்குக் கீரியும் பாறையுந்தான், தம்பி; கணவாய் முடிஞ்சு போச்சு" என்று ஒருவர் சொல்வாராயின், வேறு யோசனை வேண்டாம்; கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள பெரிய ஹோட்டல்களை நான் குறை கூறவில்லை. அங்கே மேசை விரிப்பு வெண்மையாக இருக்கும். பொரித்த சோறும், எண்ணெயிலே புரட்டிய இறாலும், கோழிக் காலும் பன்னிரண்டு மாதமுங் கிடைக்கும். அதே தட்டு நீர்கொழும்பிலுங் கிடைக்கும், ஹிக்கடுவையிலுங் கிடைக்கும். இரவெல்லாம் பஸ்ஸிலே இருந்து வந்தவர் அதற்காகவா இவ்வளவு தூரம் வரவேண்டும்?

முதலிற் காற்றைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இவ்வூரின் சமையலறையை ஆள்வது காற்றுத்தான். சித்திரை பிறந்து சில நாட்களிற் சோளகம் எடுக்கும். அது தென்மேற்கிலிருந்து வருவது; தீவின் தரையைக் கடந்து வருவதால் மேற்குக் கரையிலே கடலைக் கொந்தளிக்கச் செய்கின்ற அதே காற்று, எமது கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. ஆகையினால் புரட்டாதி வரையிற் பெரும்பாலும் எங்கள் கடல் குளம்போலக் கிடக்கும். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரையூர்களின் மீனவர் இப்பருவத்திலே தம் கடல் சீறுவதால், குடும்பத்தோடும் வலையோடும் இங்கே வந்து வாடியமைத்துத் தங்குவது பழைய வழக்கம். ஐப்பசிக்குப் பின்னர் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து நேரே கரைமேல் மோதும். மழையும் அதனுடன் வரும். அப்பொழுது வள்ளங்கள் பல நாள் மணலிலே கவிழ்ந்து கிடக்கும். அந்நாளில் வருவோருக்கு வெளிக்கடல் மீன் கிடைப்பது அருமை. துறைமுகத்தின் உட்பகுதியிலும் களப்புகளிலும் பிடிபடும் மீனும் இறாலும் நண்டும், வெயிற் காலத்திலே உலர்த்தி வைத்த கருவாடுமே சட்டிக்கு வரும். மழைநாளிற் கத்தரிக்காயும் கருவாடுஞ் சேர்த்து வைத்த குழம்பும் சுடுசோறும் வாய்க்கப் பெற்றவர், வெளிக்கடல் மீனுக்காக ஏங்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

சோளகக் காலத்திலே வருவோர் ஒரு நாளாவது விடியற்காலையிற் படுக்கையை விட்டெழுந்து உப்புவெளிக் கடற்கரைக்குச் செல்லவேண்டும். நகரிலிருந்து வடக்கே ஐந்து கிலோமீற்றர் அளவுதான். அங்கே கரைவலை இழுப்பார்கள். வலையை வள்ளத்தில் ஏற்றிச் சென்று, கடலை அரைவட்டமாக வளைத்துப் போட்டு, அதன் இரு முனைக் கயிறுகளையுங் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பின்னர் இரு பிரிவாக நின்று இழுக்கவேண்டும். பாரந் தெரியாதிருக்க அக்காலத்தில் அம்பா பாடி இழுத்தனர். இப்பொழுது அப்பாட்டு அருகிவிட்டது. கயிறு சுருங்கச் சுருங்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நெருங்கிவரும். கடைசியில் வலையின் நடுவிலுள்ள மடி கரையேறும்போது, ஊர்க் காகங்களும் நாய்களும் வியாபாரிகளும் நம்மைப் போன்ற வேடிக்கை பார்ப்போரும் ஒரே வேளையில் அங்கே கூடிவிடுவோம். சில நாள் மடி வெள்ளியைக் கொட்டினாற்போலிருக்கும். சில நாள் ஒரு கூடை மீனுந் தேறாது. வலைக்குரிய சம்மாட்டிக்கு ஒரு பங்கு, இழுத்தோருக்குப் பங்கு என்று பிரிப்பதால் அன்றைய மடிதான் அன்றைய கூலி. நிற்கிறவர் கயிற்றுக்கு ஒரு கை கொடுக்கலாம், எவருந் தடுப்பதில்லை. கயிற்றைக் குறுக்கே கடப்பதும், கேளாமற் படம் பிடிப்பதும் முறையன்று.

இந்தக் கரையிலே நடக்கும் ஒரு காரியம் உங்கள் தட்டோடு நெருங்கிய தொடர்புடையது. அறக்குளா, சூரை, பெரிய பாறை, நல்ல இறால் ஆகியவை, எந்த வலையிற் பட்டாலும், வெயில் ஏறுமுன்னரே பனிக்கட்டியிட்டுப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு லொறியேறிவிடும். அவற்றுக்குக் கொழும்பிலே நல்ல விலை. பேலியகொடைச் சந்தையை நோக்கித்தான் அவற்றின் பிரயாணம். ஊரில் எஞ்சுபவை சூடை, கீரி, சாளை, காரல், நெத்தலி, சிறு பாறை போன்ற சில்லறை மீன்கள். வந்தவர்களோ அறக்குளாவும் பெரிய இறாலுமே வேண்டுமென்று நிற்கிறார்கள். கடைக்காரர் என்ன செய்வார்? பனிக்கட்டியில் இருந்ததை எடுத்துப் பொரித்துக் கொடுக்கிறார். விலையுங் கூட்டிச் சொல்கிறார். பக்கத்து மேசையிலே லொறிச் சாரதி ஒருவர், அன்று காலையிலே துடித்த சூடையை நாலிலொரு பங்கு காசுக்கு உண்டு எழும்புகிறார். இந்த ஊரிலே மலிவான மீன்தான் புதிய மீன். இதை அறிந்துகொண்டவர் இங்கே சாப்பாட்டிற் பாதி வெற்றி பெற்றவர்.

முள்ளுக்கு அஞ்சித்தான் பலர் சிறு மீனை ஒதுக்குகின்றனர். சூடையில் முள் உண்டு, மறுப்பதற்கில்லை. கரண்டியும் முள்ளுக்கரண்டியுங் கொண்டு அதனோடு போரிட இயலாது. மூன்று விரல்களாற் சதையை மெல்ல நசித்து, சோற்றோடு பிசைகையிலேயே முள்ளை விரல் கண்டுபிடித்துவிடும். எங்கள் வீடுகளிலே சிறு பிள்ளைக்குப் பாட்டி முள் எடுத்துக் கொடுப்பாள். பிள்ளை ஏழு எட்டு வயதாகும்போது தானே எடுக்கப் பழகிவிடும். பழகாத விருந்தினர் மெதுவாக உண்ணட்டும். கடற்கரையூரிலே அவசரம் எதற்கு?

இனி அந்தக் குழம்பைப் பற்றிச் சொல்லாமற் போவது நியாயமாகாது. மண்சட்டியிலே வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, பழப்புளிக் கரைசலும் தூளும் உப்பும் இட்டுக் கொதிக்கவிட்டு, மீனைப் போட்டு, இறக்குவதற்குச் சற்று முன்னர்த் தேங்காயின் முதற்பாலை விடுவார்கள். மீன் போட்டபின் அகப்பைக்கு அங்கே வேலையில்லை. சட்டியின் விளிம்பை இரு புறமும் துணியாற் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவதே முறை; அகப்பை நுழைந்தாற் சூடை சிதைந்து முள்ளுக் குழம்பாகிவிடும். இக்குழம்பு ஆக்கிய அன்றைவிட மறுநாட் காலையிற்றான் நன்றாயிருக்கும். புளியும் உறைப்பும் இரவெல்லாம் மீனுக்குள்ளே இறங்கியிருக்கும்.

காரல் மீனுக்கோ குழம்பு பொருந்தாது, சொதிதான் அதற்குரியது. இரண்டாம் பாலிலே மஞ்சளும் பச்சை மிளகாயும் வெங்காயமும் இட்டுக் காரலை அவித்து, முதற்பால் சேர்த்து ஒரு கொதியில் இறக்கி, ஆறிய பின்னர் தேசிக்காய்ப் புளி விடவேண்டும். அடுப்பிலிருக்கும்போது தேசிக்காய் பிழிந்தாற் பால் திரிந்துவிடும். காய்ச்சலில் எழும்பியவர்களுக்கும் வாய் செத்துப்போன முதியவர்களுக்கும் எங்கள் தாய்மார் கொடுக்கும் மருந்து இது. கடைகளிற் பலகையிலே எழுதியிருக்கமாட்டார்கள். "காரல் சொதி இருக்கா, அக்கா?" என்று கேட்டாற்றான் வெளியே வரும்.

காலையுணவைக் கடைகளைவிட வீடுகளிலேதான் தேடவேண்டும். நகரின் ஒழுங்கைகளிலே இடியப்பமும் பிட்டும் அவித்து விற்குங் குடும்பங்கள் பலவுள. பெயர்ப் பலகை இராது. அதிகாலையிலே வாசலிற் பாத்திரத்துடன் நிற்கும் நாலு பேர்தான் அடையாளம். கணவனை இழந்தவர்களும், ஆண்பிள்ளையின் உழைப்பில்லாத குடும்பங்களும் இத்தொழிலாற் பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்கியதை நான் கண்டிருக்கிறேன். நீங்கள் தங்கும் இடத்திலே முதல்நாள் மாலையே சொல்லிவைத்தால், எவராவது வாங்கி வந்து தருவர். சிவப்பரிசிமா இடியப்பம், தேங்காய்ச் சம்பல், சொதி, முன்சொன்ன நேற்றைய மீன்குழம்பு ஆகிய நான்குஞ் சேர்ந்துவிட்டால், பகல் பன்னிரண்டு மணிவரை பசியைப் பற்றிய பேச்சே எழாது.

பாண் விரும்பிகளுக்கும் இங்கே இடமுண்டு. இவ்வூர் நெடுங்காலம் ஆங்கிலேயக் கடற்படையின் தளமாயிருந்தது; 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அதனாலேதான். 1957 ஆம் ஆண்டிலே தளம் இலங்கை அரசிடங் கையளிக்கப்பட்டது. கப்பற்காரர் போய்விட்டனர், பாண் போகவில்லை. விறகெரிக்கும் போறணையிலிருந்து இறக்கிய, மேற்றோல் நொறுங்கும் பாணைக் கையாற் பிய்த்து, பருப்புக் கறியிலும் கட்டைச் சம்பலிலும் தோய்த்துண்பது இங்கே தொழிலாளருடைய காலையுணவு. பெரிய ஹோட்டலிலே வெண்ணெய் தடவி முக்கோணமாக வெட்டிக் கொடுக்கும் பாணுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான்.

நண்பகற் சோற்றுக்குப் பன்னிரண்டரை மணிக்கு முன்னர்ச் செல்லுங்கள். நல்ல கடையிலே இரண்டு மணிக்குச் சட்டி கவிழ்ந்துவிடும். மூன்று மணிக்கும் எல்லாக் கறியும் நிறைந்திருக்குங் கடையைப் பற்றி நான் ஒன்றுஞ் சொல்ல விரும்பவில்லை. முச்சக்கர வண்டிக்காரரும் கச்சேரி எழுதுவினைஞரும் ஆசிரியரும் எங்கே ஒரே வாங்கிலே நெருக்கமாக இருந்து உண்கின்றனரோ, அந்த இடத்தை நம்பலாம். சைவ உணவினர் மனந் தளர வேண்டியதில்லை. கோயில் நகரமாதலால் சைவக் கடைகள் போதிய அளவுள்ளன. வெள்ளிக்கிழமைகளிற் பல வீடுகளில் மீனே சமைப்பதில்லை. வாழைக்காய்ப் பாற்கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வல்லாரைச் சம்பல், மோர்மிளகாய் என்று விரித்துக்கொண்டே போகலாம். கோணேசரைத் தரிசிக்கச் செல்வோர் காலையிலே மலையேறி வணங்கி, மரக்கறிச் சோறுண்டு, மீனை மறுநாளுக்கு வைத்துக்கொள்வது இவ்வூர் வழக்கத்துக்கு ஒத்தது.

நண்டுக்கு நகரை விட்டுச் சற்று வெளியே போகவேண்டும். கந்தளாய்க் குளத்தின் நீராற் செழிக்கும் தம்பலகாமத்து வயல்கள் முடியுமிடத்திற் கண்டற்காடுகள் சூழ்ந்த தம்பலகாமக் குடா தொடங்குகிறது. ஒரு காலத்திலே அங்கே சன்னற் கண்ணாடி போன்ற மெல்லிய ஓட்டையுடைய சிப்பிகளிலிருந்து சிறு முத்துக்கள் எடுக்கப்பட்டன. இப்பொழுது அக்குடாவின் பெருமை நண்டும் இறாலுமே. சேற்றிலே வளரும் பெருநண்டை வாங்குவோர் ஓட்டின் அழகைப் பாராது, கையிலே தூக்கிப் பாரத்தைப் பார்க்கவேண்டும். நிலாக் காலத்து நண்டு உள்ளீடற்றது, இருட்டுக் காலத்து நண்டே சதைப்பற்றுள்ளது என்று முதியவர்கள் கூறுவர். என் தாயார் பௌர்ணமியை அடுத்த நாட்களில் வாசலுக்கு வந்த நண்டையுந் திருப்பி அனுப்பிவிடுவார். வறுத்திடித்த தூளிலே வைத்த நண்டுக் குழம்பை இறக்குகையில் ஒரு பிடி முருங்கையிலை தூவுவார்கள். அது வாசனைக்கு மட்டுமன்று, நண்டின் சூட்டைத் தணிக்கும் என்பது எங்கள் பெண்களின் வைத்தியம்.

அரைநாள் மிச்சமிருப்போர் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போகலாம். முன்னர்க் கிண்ணியாத் துறையிற் படகுப் பாதைக்காக வெயிலிற் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. 2009 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலம் அந்தக் காத்திருப்பை ஒழித்தது. அக்கரையிலே முஸ்லிம் மக்களின் அடுப்பு வேறு மணம் வீசும். நாங்கள் குழம்பென்றும் சொதியென்றுஞ் சொல்வதை அவர்கள் ஆணம் என்பர். ரொட்டியும் இறைச்சியாணமும், ஏலம் மணக்கும் வட்டிலப்பமும் உண்டு வராதவர் கொட்டியாரக் குடாவின் ஒரு பாதியைத்தான் கண்டவராவர். நோன்பு மாதத்திலே செல்பவர் பகலிற் கடைகள் மூடியிருப்பதை எதிர்பார்க்கவேண்டும். மாலையானதும் கஞ்சிக் கோப்பையை நீட்டி அழைக்கும் வீடுகளுக்கோ குறைவில்லை.

மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலிற் கலப்பது இந்தக் கொட்டியாரக் குடாவிலேதான். அதன் வெள்ளம் வடிந்த புற்றரைகளில் எருமைகள் மேய்வதால், இந்தப் பகுதி தயிருக்குப் பேர்பெற்றது. காய்ச்சி ஆறிய எருமைப் பாலை மண்சட்டியில் ஊற்றி உறையிட்டு வைப்பார்கள். சட்டியின் நுண்ணிய துளைகள் நீரை உறிஞ்சிவிடுவதால் தயிர் கட்டியாகும். நல்ல தயிரை அகப்பையால் வெட்டியெடுத்தால், வெட்டிய பள்ளம் அப்படியே நிற்கும். நீர் ஊறி நிரம்பக்கூடாது. சோற்றுக்குப் பின் சீனியோ கருப்பட்டியோ வாழைப்பழமோ சேர்த்து உண்பது எமது முறை. கித்துள் பாணி விட்டு உண்பது தெற்கிலிருந்து வந்த வழக்கம். அதையும் வேண்டாமென்று சொல்வாரில்லை.

மாலையிலே டச்சுக் குடாக் கடற்கரைக்கு ஊரே வந்துவிடும். கச்சான், அவித்த கடலை, உப்பும் மிளகாய்த்தூளுந் தூவிய மாங்காய் முதலியவற்றை வாங்கிக்கொண்டு மணலில் இருக்கலாம். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் கடற்கரை வரை வந்து மனிதரோடு மனிதராக உலாவும். பிள்ளைகள் கச்சான் சுற்றிய பொலித்தீனை மான் முன்னே எறிவதைப் பெற்றோர் தடுக்கவேண்டும். அதைத் தின்று மாண்ட மான்கள் உண்டு. இரவானதும் தெருவெங்கும் கொத்து ரொட்டித் தகட்டின் தாளம் கேட்கத் தொடங்கும். கொத்து ரொட்டி கிழக்கிலேதான் பிறந்தது என்று நாங்களும் மட்டக்களப்பாரும் சேர்ந்து உரிமை கொண்டாடுவோம். எந்த ஊரில் என்று கேட்டாற் பிரிந்து வாதாடுவோம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்கோ, அதே தெருவில் அடுப்பின் முன்னிருந்து ஒவ்வொன்றாக அப்பஞ் சுடும் பெண்மணியின் கடைதான் உவப்பு. விளிம்பு முறுகி நடு மெத்தென்றிருக்கும் பாலப்பத்தைச் சுடச்சுட இலையில் வாங்கி, கட்டைச் சம்பலுடன் நின்றபடியே உண்ணவேண்டும். பொதி கட்டி அறைக்குக் கொண்டுசென்றால் அது வேறு பண்டமாகிவிடும்.

சிலவற்றைக் கேட்காதிருக்கவும் விருந்தினர் அறிந்திருத்தல் வேண்டும். சிங்கிறால் என்றதும் நாவூறாதவர் இல்லை. வயிற்றின்கீழ் முட்டைத் திரளோடு கூடிய பெட்டைச் சிங்கிறாலைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். முட்டையைச் சுரண்டியெடுத்துவிட்டு விற்போரும் உண்டு. "எப்படியாவது கொண்டுவந்து தாருங்கள்" என்று கூடுதற் காசு காட்டுபவர்களாலேதான் அந்த வியாபாரம் நடக்கிறது. ஆமை முட்டையும் அவ்வாறே தடைசெய்யப்பட்டது. எவராவது இரகசியமாக நீட்டினால் வாங்காதீர்கள்.

இவை இரண்டிலும் பெருங் கேடு வெடி மீன். 1996 ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டம் வெடிபொருளால் மீன் பிடிப்பதைத் தடைசெய்துள்ளது. எனினும் எமது கடலில் அந்த ஓசை இன்னும் முற்றாக அடங்கவில்லை. ஒரு வெடியிலே பெரிய மீனோடு குஞ்சும் முட்டையும், அவை ஒதுங்கி வாழும் முருகைக் கற்பாறையும் ஒருங்கே அழிகின்றன. வெடி வைத்தவரே கையிழந்து திரும்பிய வீடுகளும் உண்டு. போர்க் காலத்திலே கடல்வலயத் தடைகளால் இரவுத் தொழிலின்றி வாடியவர்கள், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையிலே வள்ளத்தையும் வலையையும் உறவினரையும் பறிகொடுத்தவர்கள், 2009 ஆம் ஆண்டுக்குப் பின் கடன்பட்டு மீண்டுங் கடலில் இறங்கியவர்கள் எங்கள் கரைவலைக்காரர். அவர்களின் மடி வெறுமையாக வருவதற்கு இந்த வெடியும் ஒரு காரணம். வெடி மீனைச் சந்தையிலே கண்டுகொள்வது கடினமன்று. வெளியே செதிள் குலையாது புதிதாகவே தோன்றும். ஆனால் வயிற்றை வெட்டினால் உள்ளே இரத்தங் கட்டியிருக்கும், முதுகெலும்பு முறிந்திருக்கும், சதை முள்ளைவிட்டுத் தளர்ந்து கழலும். எங்கள் பெண்கள் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றுஞ் சொல்லாமல் அடுத்த வியாபாரியிடம் போய்விடுவர். விருந்தினரும் அவ்வாறே செய்யலாம், விலை பேசவேண்டியதில்லை.

மாணவர் கூட்டத்தோடு வரும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது பேருக்குத் திடீரென்று சோறு கேட்டால் எந்த நல்ல கடையும் தரமாட்டாது; தருகிற கடை நல்லதாயிராது. இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி, சிறு முற்பணமுங் கொடுத்துவிட்டால், கறி சோறாக்கிக் கொடுக்கும் மகளிர் கூட்டங்கள் ஊரிலே உண்டு. வாழையிலையிற் பொதி கட்டித் தருவார்கள். விடுதியிலே தங்குங் குடும்பத்தினர், சமைப்பவர் வீட்டுப் பெண்மணியாயின், விடியற்காலை கரைவலையிலே வாங்கிய மீனை அவர் கையிற் கொடுத்து, "உங்கள் வீட்டுக்குச் சமைக்கிற மாதிரியே சமையுங்கள், அக்கா, எங்களுக்கென்று உறைப்பைக் குறைக்க வேண்டாம்" என்று சொல்லிவிடட்டும். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அடுப்படியின் போக்கே மாறிவிடுவதைக் காண்பீர்கள்.

ஊருக்குத் திரும்பும் நாளிலே எல்லோரும் தயிர்ச் சட்டி வாங்குகின்றனர். வாங்கும்போது சட்டியின் வாயை மூடிய தாளைச் சிறிது தூக்கி, மேலே பாலாடை மஞ்சள் நிறமாகப் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சட்டியின் அடி ஈரமாகக் கசிந்திருந்தால் குற்றமில்லை. கயிற்றுப் பிடி கட்டித் தரச் சொல்லுங்கள். பஸ்ஸிலே தலைக்குமேலுள்ள தட்டில் வைக்காதீர்கள்; கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலே ஒரு வளைவு போதும், முன்னாசனத்தில் இருப்பவர் தலையில் அது இறங்கிவிடும். காலடியில், இரண்டு பாதங்களுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். காலையிலே வீடு சேர்ந்ததும் சட்டியைக் கழுவி எறிந்துவிடாதீர்கள். அதிலே மீன்குழம்பு வைக்கலாம்.